லிப்யூஎஸ்பி: ஒரே நிரலால் மூன்று இயங்குதளங்களில் யூஎஸ்பி சாதனத்தை இயக்குதல் – முழுமையான வழிகாட்டி

யூஎஸ்பி வழியாகச் சீரியல் தொடர்பு தரும் சிறிய பலகை ஒன்றை லினக்ஸ் கணினியில் செருகி, நிரல்கள் யூஎஸ்பி சாதனங்களோடு நேரே பேச உதவும் லிப்யூஎஸ்பி என்ற நிரலகத்தைக் கொண்டு எழுதிய முப்பது வரி சி நிரலை ஓட்டுகிறோம். -6 என்ற பிழை எண் வருகிறது. அதே பலகையையும் அதே நிரலையும் மேக் கணினிக்குக் கொண்டுபோனால் -3 வருகிறது. விண்டோஸில் -12 வருகிறது. எண்கள் மூன்றானாலும் காரணம் ஒன்றுதான்: சாதனம் ஏற்கெனவே வேறொரு டிரைவரின் கையில் இருக்கிறது. லிப்யூஎஸ்பி செயற்கூறுகளை மூன்று இயங்குதளங்களுக்கும் பொதுவாக்கித் தருகிறதே தவிர, ஒரு சாதனத்தை யார் வைத்துக்கொள்வது என்ற முடிவை அதனால் பொதுவாக்க முடியாது. அந்த முடிவு ஒவ்வோர் இயங்குதளத்தின் கெர்னலிலும், அதாவது அதன் மையப் பகுதியிலும், வெவ்வேறு விதமாக எடுக்கப்படுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் நிரல் எழுதும் பகுதிக்கு நிகராக, சாதனத்தை டிரைவரிடமிருந்து வாங்கும் பகுதிக்கும் இடம் கொடுத்திருக்கிறேன். புதியவர்களின் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எடுத்துக்காட்டாக எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர் சில்லு பொருத்திய பலகையை எடுத்துக்கொள்கிறேன். மின்னணுவியலில் கை வைத்த பலரின் இழுப்பறையிலும் ஒன்றாவது கிடக்கும். தவிர, யூஎஸ்பியில் கற்கவேண்டிய சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு சில்லிலேயே அமைந்திருக்கின்றன. உண்மையில் இதன் வழியே வெறும் சீரியல் தரவை மட்டும் அனுப்பிப் பெற வேண்டுமானால் லிப்யூஎஸ்பி தேவையே இல்லை. சீரியல் போர்ட்டாகத் திறந்துகொள்வதே முறை. சில்லின் கால்களைத் தனித்தனியே இயக்குவது போன்ற, சீரியல் டிரைவர் வழிவிடாத வேலைகளுக்குத்தான் இந்தப் பாதை. நாம் பயிற்சிக்காக நடக்கிறோம்.

ஒரு குறிப்பு. செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் லிப்யூஎஸ்பி என்ற முன்னொட்டு வரும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

எந்தப் பதிப்பு?

லிப்யூஎஸ்பியின் பழைய 0.1 வரிசையை எழுதியவர் யோஹானஸ் எர்ட்ஃபெல்ட். டேனியல் டிரேக் அதை அடியோடு மாற்றி எழுதி, 2008 இறுதியில் 1.0 வரிசையைத் தொடங்கினார். 2012இல் வெளியீடுகள் தாமதமானதால் லிப்யூஎஸ்பிஎக்ஸ் என்ற கிளை பிரிந்தது. 2014இல் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. இந்த வரலாறு நமக்கு ஒரே ஒரு காரணத்துக்காகத் தேவைப்படுகிறது: 0.1 வரிசையின் செயற்கூறுகளும் 1.0 வரிசையின் செயற்கூறுகளும் ஒன்றோடொன்று பொருந்தா. எங்கேனும் கிடைக்கும் மாதிரி நிரலில் செயற்கூறுகளின் பெயர்கள் லிப்யூஎஸ்பி என்று தொடங்காமல் வெறும் யூஎஸ்பி என்று தொடங்கினால் அது பழைய வரிசையைச் சேர்ந்தது, அதை ஒதுக்கிவிடலாம்.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் லிப்யூஎஸ்பி 1.0 தொகுப்பின் 'டெவ்' பதிப்பையும், மேக்கில் ஹோம்புரூ வழியாகவும், விண்டோஸில் விசிபேக்கேஜ் அல்லது எம்சிஸ்2 வழியாகவும் நிறுவிக்கொள்ளலாம். உரிமம் எல்ஜிபிஎல் 2.1 அல்லது அதற்குப் பிந்தையது. உங்கள் மென்பொருள் மூடிய மூலமாக இருந்தால், நிரலகத்தை உள்ளே சேர்த்துக் கட்டாமல் தனிக் கோப்பாக இணைத்துக்கொள்வது சிக்கலற்றது.

முதல் படி: சாதனத்தை அடையாளம் காணுதல்

ஒவ்வொரு யூஎஸ்பி சாதனமும் இரண்டு எண்களோடு வருகிறது: உற்பத்தியாளர் எண், பொருள் எண். இரண்டும் பதினாறடிமானத்தில் நான்கிலக்கமாக எழுதப்படும். எஃப்டி232ஆருக்கு அவை 0403, 6001. லினக்ஸில் 'எல்எஸ்யூஎஸ்பி' என்ற கட்டளையும், விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் விவரங்கள் பக்கத்திலுள்ள வன்பொருள் அடையாள வரியும், மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனின் யூஎஸ்பி பகுதியும் இவற்றைக் காட்டும். உங்கள் பலகை 0403, 0000 என்று காட்டினால் அது போலிச் சில்லாக இருக்க வாய்ப்புண்டு: 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர் ஒன்று, போலிச் சில்லுகளின் பொருள் எண்ணைச் சுழியமாக மாற்றி எழுதியது, பெரும் சர்ச்சைக்குப் பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. பழைய இழுப்பறைகளில் அத்தகைய பலகைகள் இன்னும் கிடக்கக்கூடும்.

எண்களோடு நிறுத்திக்கொள்ளாமல், சாதனம் தன்னைப் பற்றித் தானே சொல்லும் டிஸ்க்ரிப்டர் என்ற விவரப் பட்டியலையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். எல்எஸ்யூஎஸ்பிக்கு 'வி' என்ற தெரிவைக் கொடுத்தால் அது விரியும். நம் சில்லின் பட்டியல் எளிமையானது: ஒரே ஓர் அமைவு, அதற்குள் 0 என்ற எண்ணுடைய ஒரே ஓர் இன்டர்ஃபேஸ் (சாதனத்தின் ஒரு பணிக்கான தொகுதி), அதன் வகை எண் 255, அதாவது உற்பத்தியாளர் தாமே வகுத்துக்கொண்ட முறை, அதற்குள் பதினாறடிமானத்தில் 81, 02 என்ற இரண்டு எண்ட்பாயின்ட்கள், அதாவது தரவு போய்வரும் வழிகள். இரண்டும் பல்க் வகை, இரண்டிலும் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 64 பைட். எண்ட்பாயின்ட் எண்ணின் மேல் பிட் 1 ஆக இருந்தால் தரவு கணினியை நோக்கி வருகிறது என்று பொருள். ஆகவே 81 உள்வரும் வழி, 02 வெளிச்செல்லும் வழி. யூஎஸ்பியில் 'உள்', 'வெளி' என்பவை எப்போதும் கணினியின் பக்கத்திலிருந்தே சொல்லப்படுகின்றன. சாதனத்துக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரை எழுதியவரும் கணினி நிரல் எழுதுபவரும் ஒருவரோடொருவர் பேசும்போது இந்த ஒரு சொல்லால் வீணாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாம் படி: சாதனத்தை டிரைவரிடமிருந்து வாங்குதல்

லினக்ஸில் இரண்டு தடைகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது அனுமதி. லிப்யூஎஸ்பி சாதனத்தை அடைவது டெவ் கோப்பகத்துக்குள் 'பஸ்', அதற்குள் 'யூஎஸ்பி' என்று போகும் பாதையிலுள்ள கோப்பு வழியாக. அந்தக் கோப்பில் எழுதும் உரிமை வழக்கமாக ரூட் பயனருக்கு மட்டுமே இருக்கும். மற்றவர்கள் திறக்க முயன்றால் -3 வரும். நீங்கள் ஏற்கெனவே 'டயல்அவுட்' குழுவில் இருப்பதால் அனுமதி உண்டு என்று எண்ண வேண்டாம். அந்தக் குழு டிடிஒய்யூஎஸ்பி0 போன்ற சீரியல் கோப்புகளுக்கானது, இந்தக் கோப்புக்கானதன்று. சூடோ போட்டு ஓட்டினால் வேலை நடந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அது சோதனைக்கு மட்டும். பயனர்களுக்குக் கொடுக்கும் மென்பொருளுக்கு, லினக்ஸில் சாதனக் கோப்புகளைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் என்ற அமைப்புக்கான விதி ஒன்று எழுதித்தர வேண்டும்.

அந்த விதி ஒரே வரிதான். துணையமைப்பு யூஎஸ்பியாகவும், உற்பத்தியாளர் எண் 0403 ஆகவும், பொருள் எண் 6001 ஆகவும் இருந்தால் 'யூஅக்சஸ்' என்ற குறிச்சொல்லைச் சேர் என்று அது சொல்கிறது. ஒப்பிடும் மூன்று இடங்களிலும் இரட்டைச் சமக்குறி வர வேண்டும். குறிச்சொல்லைச் சேர்க்கும் இடத்தில் கூட்டல்குறியும் சமக்குறியும் சேர்ந்து வர வேண்டும். ஒப்பிடும் இடத்தில் ஒற்றைச் சமக்குறியைப் போட்டால் விதியின் பொருளே மாறிவிடும். இன்னொரு நுணுக்கம்: யூஅக்சஸ் குறிச்சொல்லைப் படித்து அமர்ந்திருக்கும் பயனருக்கு அனுமதி வழங்கும் விதிக்கோப்பின் பெயர் 73 என்று தொடங்குகிறது. கோப்புகள் பெயர் வரிசையில் வாசிக்கப்படுவதால் உங்கள் கோப்பு அதற்கு முன்னால் வர வேண்டும். 70 என்று தொடங்குங்கள். 99 என்று தொடங்கும் கோப்பில் இக்குறிச்சொல்லை எழுதிவிட்டு அது ஏன் வேலை செய்யவில்லை என்று நான் ஒரு முழு மாலை தேடியிருக்கிறேன். விதிகளை மீண்டும் வாசிக்கச் சொன்ன பிறகு, பலகையைக் கழற்றிச் செருக வேண்டும்.

இரண்டாவது தடை உரிமை. எஃப்டி232ஆரைச் செருகியவுடன் கெர்னலின் 'எஃப்டிடிஐ சியோ' டிரைவர் அதைப் பிடித்துக்கொண்டு டிடிஒய்யூஎஸ்பி0 என்ற சீரியல் கோப்பை உருவாக்குகிறது. அனுமதி இருந்தும் இன்டர்ஃபேஸைக் கேட்கும்போது -6 வருவது இதனால்தான். தீர்வு எளிது: சாதனத்தைத் திறந்ததும் 'செட்_ஆட்டோ_டிடாச்_கெர்னல்_டிரைவர்' என்பதை 1 என்ற மதிப்போடு அழைத்துவிட்டால், நாம் இன்டர்ஃபேஸைக் கேட்கும்போது கெர்னல் டிரைவர் விலகும், நாம் விடும்போது மீண்டும் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸில் இந்த அழைப்பு -12 தரும். அதை ஒரு பிழையாகக் கருதாமல் கடந்து போகலாம்.

விண்டோஸின் வழி முற்றிலும் வேறு. அங்கே ஓடும் நிரல் ஒரு டிரைவரைத் தற்காலிகமாக விலக்கிவிட முடியாது. சாதனத்துக்கு எந்த டிரைவர் என்பது முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும். லிப்யூஎஸ்பி பேசக்கூடிய டிரைவர்களில் மைக்ரோசாஃப்டின் வின்யூஎஸ்பியே முதன்மையானது. பீட் படார்ட் எழுதிய ஸாடிக் என்ற சிறிய கருவி அதை நிறுவித்தரும். ஏற்கெனவே டிரைவர் உள்ள சாதனங்களை ஸாடிக் இயல்பாகப் பட்டியலில் காட்டாது. எல்லாச் சாதனங்களையும் காட்டும் தெரிவை இயக்கிய பிறகு, பட்டியலில் 0403, 6001 என்ற எண்களைக் கண்ணால் சரிபார்த்துவிட்டு, வின்யூஎஸ்பியைத் தேர்ந்து மாற்றுங்கள். 'கண்ணால் சரிபார்த்துவிட்டு' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஒருமுறை அவசரத்தில் என் மேசைக்கணினியின் விசைப்பலகைக்கு வின்யூஎஸ்பியை நிறுவிவிட்டு, கடவுச்சொல்லைத் திரைவிசைப்பலகையில் சுட்டெலியால் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி உள்ளே போய்த்தான் மீண்டேன். மீளும் வழி இதுதான்: டிவைஸ் மேனேஜரில் சாதனத்தை நீக்கும்போது டிரைவர் மென்பொருளையும் அழிக்கும் கட்டத்தைக் குறியிட்டு நீக்கிவிட்டு, சாதனத்தைக் கழற்றிச் செருக வேண்டும். வின்யூஎஸ்பி நிறுவியிருக்கும் வரை அந்தப் பலகைக்குச் சீரியல் போர்ட் எண் கிடைக்காது என்பதையும் பயனருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரே சாதனத்தில் பல இன்டர்ஃபேஸ்கள் இருந்தால் விண்டோஸ் ஒவ்வொன்றையும் தனிச் சாதனம் போலக் காட்டும். உங்களுக்கு வேண்டிய இன்டர்ஃபேஸுக்கு மட்டும் டிரைவரை மாற்றுங்கள், தாய்ச் சாதனத்துக்கு வேண்டாம். சாதனத்தின் ஃபர்ம்வேரை நீங்களே எழுதுபவராக இருந்தால் ஸாடிக்கையே தவிர்க்கலாம். மைக்ரோசாஃப்ட் வகுத்துள்ள தனி டிஸ்க்ரிப்டர்களில் வின்யூஎஸ்பி என்ற பெயரைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் 8 முதல் அந்த டிரைவர் தானாகவே ஏறிக்கொள்ளும். டிரைவரை மாற்றுங்கள் என்று ஆயிரம் பயனர்களிடம் சொல்வதைவிட ஃபர்ம்வேரில் சில பத்து பைட்களைச் சேர்ப்பது எவ்வளவோ மேல்.

மேக்கில் ஆப்பிளே எஃப்டிடிஐ சில்லுகளுக்கான டிரைவரைச் சேர்த்துத் தருகிறது. அதனால் சாதனத்தைத் திறக்க முடியும், இன்டர்ஃபேஸைக் கேட்கும்போது -3 வரும். லினக்ஸில் -3 என்றால் அனுமதிச் சிக்கல். இங்கே அது வேறொருவர் பிடித்திருக்கிறார் என்பதைக் குறிக்கிறது. லிப்யூஎஸ்பி 1.0.25 முதல் மேக்கிலும் கெர்னல் டிரைவரை விலக்க முடியும். ஆனால் நிரல் ரூட்டாக ஓட வேண்டும், அல்லது ஆப்பிள் வழங்கும் சிறப்பு உரிமத்தோடு கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். கெர்னல் டிரைவர் எதுவும் உரிமை கோராத, வகை எண் 255 உடைய உங்கள் சொந்தச் சாதனம் என்றால் மேக்கில் எந்தத் தொல்லையும் இல்லை. மூன்றிலும் அதுவே எளிதான தளம்.

ஆண்ட்ராய்டைப் பற்றி ஒரு வரி. அங்கே நிரல் தானே சாதனங்களைத் தேட முடியாது. ஜாவா பக்கத்தில் பயனரின் ஒப்புதலோடு சாதனத்தைத் திறந்து, கிடைக்கும் கோப்பு எண்ணை 'ரேப்_சிஸ்_டிவைஸ்' என்ற செயற்கூறுக்குக் கொடுக்க வேண்டும், 1.0.23 முதல் அது கிடைக்கிறது.

மூன்றாம் படி: தொடங்குதல், தேடுதல், திறத்தல்

நிரலின் தொடக்கத்தில் 'இனிட்_கான்டெக்ஸ்ட்' அழைக்கப்பட வேண்டும். இது 1.0.27இல் வந்தது, அதற்கு முந்தைய பதிப்புகளில் 'இனிட்' மட்டுமே உண்டு. லிப்யூஎஸ்பி தன் நிலையை வைத்துக்கொள்ளும் இடமான சூழலின் (கான்டெக்ஸ்ட்) சுட்டியை வெறுமையாக விட்டு இயல்புச் சூழலைப் பயன்படுத்தலாம் என்றாலும், உங்கள் நிரல் நாளை வேறொருவர் நிரலுக்குள் ஒரு பகுதியாகப் போகக்கூடும். ஆகவே தனிச் சூழலையே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

சாதனத்தைத் திறப்பதற்கு, இரண்டு எண்களைக் கொடுத்தால் நேரே திறந்து தரும் 'ஓப்பன்_டிவைஸ்_வித்_விஐடி_பிஐடி' என்ற குறுக்குவழி உண்டு. சோதித்துப் பார்க்க அது போதும். மெய்யான மென்பொருளில் வேண்டாம். ஒரே வகைப் பலகைகள் இரண்டு செருகியிருந்தால் அது முதலில் கண்டதைத் திறக்கும், எது முதல் என்பது உங்கள் கையில் இல்லை. திறக்க முடியாமல் போனாலும் காரணத்தைச் சொல்லாது, எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியைத் தரும். இந்த வழிகாட்டியின் தொடக்கத்தில் சொன்ன எண்கள் எல்லாம் அப்போது கண்ணில் படாமலே போய்விடும்.

முறையான வழி 'கெட்_டிவைஸ்_லிஸ்ட்'. அது எல்லாச் சாதனங்களின் பட்டியலையும் தரும். ஒவ்வொன்றின் 18 பைட் சாதன டிஸ்க்ரிப்டரைப் படித்து, எண்கள் பொருந்தினால் திறந்து, வரிசை எண்ணை எழுத்துச் சரமாகக் கேட்டு, வேண்டிய பலகை அதுதானா என்று உறுதி செய்துகொள்ளலாம். பட்டியலை விடுவிப்பது சாதனத்தைத் திறந்த பிறகுதான் நடக்க வேண்டும். முதலில் விடுவித்துவிட்டுப் பிறகு திறந்தால், ஏற்கெனவே அழிந்த நினைவகத்தைத் தொடுகிறீர்கள். பல முறை அது வேலை செய்வதுபோலத் தோன்றுவதே அதன் கொடுமை.

திறந்தபின் தானாக விலக்கும் அழைப்பு, அதன்பின் 'கிளெய்ம்_இன்டர்ஃபேஸ்' 0. இது 0 என்ற விடையைத் தந்தால் சாதனம் நம் கைக்கு வந்துவிட்டது.

நான்காம் படி: கட்டுப்பாட்டுக் கட்டளைகள்

சில்லுக்கு வேகத்தையும் தரவு அமைப்பையும் சொல்வது கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபர் வழியாக நடக்கிறது. ஒவ்வொரு கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபரும் 8 பைட் தலைப்போடு தொடங்கும்: கோரிக்கை வகை, கோரிக்கை எண், மதிப்பு, சுட்டெண், தரவின் நீளம். எஃப்டிடிஐ கட்டளைகளுக்குக் கோரிக்கை வகை பதினாறடிமான 40. கணினியிலிருந்து சாதனத்துக்கு, உற்பத்தியாளர் வகுத்த கட்டளை, பெறுபவர் முழுச் சாதனம் என்பவை மூன்றும் அந்த ஒரு பைட்டுக்குள் அடங்கியுள்ளன.

முதலில் கோரிக்கை 0, மதிப்பு 0: சில்லு மீட்டமைக்கப்படுகிறது. அடுத்து கோரிக்கை 3: வேகம். இங்கே 9600 என்று நேரே எழுத முடியாது. சில்லின் அடிப்படை எண் 30,00,000. அதை 9600ஆல் வகுத்தால் 312.5. முழுப்பகுதி 312 பதினாறடிமானத்தில் 138; அரைப் பங்கைக் குறிக்கும் குறியீடு மேல் பிட்களில் 4000. இரண்டும் சேர்ந்து 4138, இதுவே மதிப்பு. அடுத்து கோரிக்கை 4, மதிப்பு 8: எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். மூன்றிலும் சுட்டெண் 0, தரவு இல்லை. காத்திருப்பு நேரம் மில்லிவினாடியில் தரப்படும், 1000 கொடுங்கள். 0 கொடுத்தால் எல்லையின்றிக் காத்திருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இந்த அழைப்பு -9 தந்தால், அந்தக் கட்டளையைச் சாதனம் ஏற்கவில்லை என்று பொருள். மதிப்பிலோ கோரிக்கை எண்ணிலோ தவறு இருக்கும்.

ஐந்தாம் படி: தரவை அனுப்பிப் பெறுதல்

பலகையின் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) முனைகளை ஒரு ஜம்பர் கம்பியால் இணைத்துவிடுங்கள். அனுப்புவது அப்படியே திரும்பி வரும். எதிரே வேறு கருவி தேவையில்லை. இப்போது 'வணக்கம்' என்ற சொல்லை யூடிஎஃப்-8இல் எண்ட்பாயின்ட் 02க்கு 'பல்க்_டிரான்ஸ்ஃபர்' வழியாக அனுப்புவோம். புள்ளியையும் தனிக்குறியாக எண்ணினால் ஏழு குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 பைட். பிறகு எண்ட்பாயின்ட் 81இலிருந்து படிப்போம்.

21 பைட்டை எதிர்பார்த்துக் கேட்டவருக்கு வருவது பெரும்பாலும் 2 பைட்: 01, 60. மீண்டும் படித்தால் 16 பைட் வரலாம். மீண்டும் படித்தால் 9. சொல் எங்கே போயிற்று?

எஃப்டிடிஐ சில்லு கணினிக்கு அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தின் தொடக்கத்திலும் தன் நிலையைச் சொல்லும் 2 பைட்களை வைக்கிறது. 01, 60 என்பது சும்மா இருக்கிறேன் என்பதற்கான அதன் மொழி. அனுப்பத் தரவு இல்லாவிட்டாலும் 16 மில்லிவினாடிக்கு ஒருமுறை இந்த இரண்டை மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். 9600 வேகத்தில் ஒரு பைட் கம்பியில் செல்ல ஒரு மில்லிவினாடிக்குச் சற்றுக் கூடுதலாகும், 21 பைட்டுக்கு ஏறக்குறைய 22 மில்லிவினாடி. ஆகவே 16 மில்லிவினாடிக் கணக்கு நடுவில் எங்கோ முடிந்து, சொல் இரண்டாக உடைந்து வருகிறது. மேலே சொன்ன கணக்கில் நிலைப் பைட்களை நீக்கினால் 14ம் 7ம். 14 என்பது 3ஆல் வகுபடாது, எனவே ஐந்தாம் குறியான 'க' தன் கடைசி பைட்டை அடுத்த பொட்டலத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. வந்ததை வந்தவுடன் எழுத்தாக்கித் திரையில் காட்டும் நிரல் இங்கே குப்பையைக் காட்டும். பைட்களைச் சேர்த்து வைத்து, முழுக் குறி கிடைத்த பிறகே எழுத்தாக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்கள் இந்த வழுவைக் காண்பதே இல்லை.

நிலைப் பைட்களை நீக்கும்போது இன்னொரு தவறும் நேரும். 4096 பைட் இடையகத்தை (தரவு வந்து சேரும் நினைவகப் பகுதியை) கொடுத்துப் படித்து, அதன் முதல் 2 பைட்களை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தரவென்று கொள்வார்கள். தரவு நிறைய வரும் வேகத்தில் அந்த இடையகத்துக்குள் 64 பொட்டலங்கள் இருக்கும். ஒவ்வொரு 64 பைட்டின் தொடக்கத்திலும் 2 பைட் நீக்கப்பட வேண்டும். உண்மைத் தரவு 3968 பைட்தான்.

இடையகத்தின் அளவு எப்போதும் 64இன் மடங்காக இருக்கட்டும். 62 பைட் தரவுதானே வேண்டும் என்று 62 பைட் இடம் கொடுத்தால், 64 பைட் பொட்டலம் வரும்போது -8 வரும், அந்தத் தரவு போய்விடும். இது எஃப்டிடிஐக்கு மட்டும் உரிய விதியன்று. அந்தந்த எண்ட்பாயின்ட்டின் பொட்டல அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 480 மெகாபிட் வேகச் சாதனங்களின் பல்க் எண்ட்பாயின்ட்டில் அது 512, சூப்பர்ஸ்பீடில் 1024.

-7, அதாவது நேரம் கடந்தது என்ற விடை வந்தாலும், எத்தனை பைட் பரிமாறப்பட்டன என்ற எண்ணைப் பாருங்கள். நேரம் முடிவதற்குள் பாதித் தரவு வந்திருக்கலாம். விடை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இடையகத்தைத் தூக்கி எறியும் நிரல், எப்போதாவது ஒருமுறை நடுவில் சில பைட்களை விழுங்கும்.

ஆறாம் படி: காத்திராமல் படித்தல்

இதுவரை கண்டவை முடியும் வரை காத்திருக்கும் அழைப்புகள். சிறு கருவிகளுக்கு அவையே போதும். காரணமின்றி இதைத் தாண்டிப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் ஒரு படிப்பு முடிந்து அடுத்ததைக் கேட்கும் இடைவெளியில் சாதனத்தின் சிறிய நினைவகம் நிரம்பி வழியும் நிலை உண்டு. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற வானொலிக் கருவி வினாடிக்கு 24 லட்சம் மாதிரிகளை, மாதிரிக்கு 2 பைட்டாக அனுப்பும். அங்கே அடுத்தடுத்த கோரிக்கைகள் எப்போதும் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

அதற்கு 'அலாக்_டிரான்ஸ்ஃபர்' கொண்டு பல டிரான்ஸ்ஃபர்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையகமும் முடிந்ததும் அழைக்கவேண்டிய செயற்கூறும் நிரப்பி, எல்லாவற்றையும் 'சப்மிட்_டிரான்ஸ்ஃபர்' மூலம் கொடுத்துவிட வேண்டும். ஒரு தனி இழை (த்ரெட்) 'ஹேண்டில்_ஈவென்ட்ஸ்' என்பதைச் சுழலாக அழைத்துக்கொண்டிருக்கும். ஒன்று முடிந்து உங்கள் செயற்கூறு அழைக்கப்படும்போது தரவை நகலெடுத்துக்கொண்டு, அதே டிரான்ஸ்ஃபரை மீண்டும் கொடுத்துவிடுங்கள். அந்தச் செயற்கூறுக்குள் காத்திருக்கும் அழைப்பு எதையும் வைக்க வேண்டாம். லினக்ஸில் இப்படிக் கொடுக்கும் இடையகங்களின் மொத்த அளவுக்கு இயல்பாக 16 மெகாபைட் உச்சவரம்பு உண்டு. எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதைத் தாண்டினால் நினைவகம் இல்லை என்று -11 வரும், கணினியில் பல கிகாபைட் காலியாக இருந்தாலும்.

நிறுத்துவதுதான் கடினம். 'கேன்சல்_டிரான்ஸ்ஃபர்' என்பது கட்டளையன்று, வேண்டுகோள். அழைத்தவுடன் டிரான்ஸ்ஃபர் முடிந்துவிடுவதில்லை. ரத்தானது என்ற நிலையோடு உங்கள் செயற்கூறு இன்னொருமுறை அழைக்கப்படும், அதன் பிறகுதான் விடுவிக்கலாம். இதை அறியாமல் ரத்து செய்த அடுத்த வரியிலேயே நான் விடுவித்த நிரல், நாளெல்லாம் ஒழுங்காக ஓடி, மூடும்போது மட்டும் பத்துமுறைக்கு ஒருமுறை விழுந்தது. நிலுவையிலுள்ள டிரான்ஸ்ஃபர்களை ஓர் எண்ணியால் எண்ணி, அது சுழியமாகும் வரை நிகழ்வுச் சுழலை ஓடவிடுங்கள்.

செருகுவதையும் கழற்றுவதையும் அறிய 1.0.16 முதல் ஹாட்பிளக் வசதி உண்டு. ஆனால் எல்லாத் தளத்திலும் எல்லாப் பதிப்பிலும் உண்டு என்று எண்ணாமல், 'ஹேஸ்_கேப்பபிலிட்டி' மூலம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இரண்டு வினாடிக்கு ஒருமுறை பட்டியலை எடுத்து ஒப்பிடுவதே போதும். பயனருக்கு வேறுபாடு தெரியாது.

ஏழாம் படி: பிழை தேடுதல், மூடுதல்

லிப்யூஎஸ்பி_டீபக் என்ற சூழல் மாறிக்கு 4 என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டு நிரலை ஓட்டினால், நிரலகம் உள்ளே செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே போகும். நிரலைத் திருத்தி மீண்டும் கம்பைல் செய்யத் தேவையில்லை. அதுவும் போதாதபோது கம்பியில் போவதையே பார்க்கலாம்: லினக்ஸில் யூஎஸ்பிமான், விண்டோஸில் யூஎஸ்பிபிகேப், இரண்டின் பதிவையும் வயர்ஷார்க்கில் திறக்கலாம். உற்பத்தியாளரின் மென்பொருள் அனுப்பும் கட்டளைகளையும் உங்கள் நிரல் அனுப்புபவற்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலான புதிர்கள் அங்கேயே அவிழ்ந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த நிரல் திடீரென -4 தந்தால், சாதனத்தின் யூஎஸ்பி இணைப்பு அறுந்துவிட்டது என்று பொருள். நிரலைத் தோண்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மூடும் வரிசை திறந்ததற்கு நேர் எதிரானது: 'ரிலீஸ்_இன்டர்ஃபேஸ்', 'குளோஸ்', 'எக்ஸிட்'. லினக்ஸில் தானாக விலக்கும் வசதியை இயக்கியிருந்தால், முதல் அழைப்பின்போதே எஃப்டிடிஐ சியோ டிரைவர் பலகையை மீண்டும் பிடித்துக்கொள்ளும். நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் காணாமல் போயிருந்த டிடிஒய்யூஎஸ்பி0, டெவ் கோப்பகத்தில் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உங்கள் நிரல் எங்கோ ஒரு வழியில் இன்டர்ஃபேஸை விடாமலே வெளியேறுகிறது.